மூக்கு ஸ்பிரே கேட்கவில்லை என்று தூக்கிப் போடும் முன்

காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கில் தண்ணீர், ராத்திரி படுத்தால் அடைப்பு. இந்தத் தூசி அலர்ஜிக்கு டாக்டர்கள் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே (ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசொனைடு போன்றவை) நல்ல மருந்து. "அடிச்சுப் பார்த்தேன், கேட்கலை" என்பவர்களில் பலருக்கு மருந்து போக வேண்டிய இடத்துக்கே போயிருக்காது.

என் அக்கா ஸ்பிரே அடிப்பதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையை அண்ணாந்து, வலது கையால் வலது மூக்கில் வைத்து அழுத்தி, சர்ரென்று உறிஞ்சினாள். அடுத்த நொடியே முகம் சுளித்தது. மருந்து தொண்டைக்குப் போய்விட்டது. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்க்க வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போதுதான் முனை நடுச்சுவரைப் பார்க்காமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். நடுச்சுவர் மேலேயே தினமும் அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். உறிஞ்சுவதும் பூவை முகர்வது போல மெதுவாக இருந்தால் போதும். அடைப்பு இருந்தால் முதலில் மூக்கைச் சிந்துங்கள். அடித்த பிறகு சிறிது நேரம் சிந்தாதீர்கள்.

புது பாட்டிலைக் குலுக்கி, சீராகப் புகை போல வரும்வரை காற்றில் சில முறை அடித்துவிட்டுத் தொடங்க வேண்டும். பல நாள் தொடாமல் வைத்திருந்தாலும் அப்படித்தான். முனை அடைத்துக்கொண்டால் வெந்நீரில் கழுவுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். குத்தினால் துளை பெரிதாகி அளவு மாறிவிடும்.

அப்புறம், பொறுமை. மூன்று நாள் அடித்துவிட்டு நிறுத்துவதுதான் இதில் பெரிய தவறு என்பேன். இந்த மருந்து வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தும்மல் வந்த அன்று மட்டும் அடித்தால் பலன் குறைவு. உடனே மூக்கைத் திறக்கும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் வேறு ரகம். அவற்றைச் சில நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போது பெயரைப் படித்துப் பாருங்கள்.

"ஸ்டீராய்டா, வேண்டாம்" என்று பயந்து விடுகிறவர்களும் உண்டு. ஒரு அடியில் வருவது பெரும்பாலும் 50 மைக்ரோகிராம் போலத்தான். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் இரண்டிலும் ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். அதற்காக அளவை நாமே கூட்டக்கூடாது. குழந்தைகள் மாதக்கணக்கில் பயன்படுத்தினால் வளர்த்தியை டாக்டர் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கண் நீர் அழுத்தமோ கண்புரையோ இருந்தால், எச்.ஐ.வி.க்கு ரிட்டோனவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் அடிக்கடி வந்தால் ஸ்பிரேயை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.