கொடைக்கானல் காட்டேஜுக்கு வார நாளிலும் புக்கிங் வர என்ன செய்யலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் எந்த வீட்டுக்கும் ஆள் வந்துவிடும். அந்தச் சீசனைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் காலியாகிற காலண்டர், ஆள் தங்காத திங்கள் முதல் வியாழன் வரையிலான இரவுகள், லாங் வீக்கெண்டில்கூட நடுவில் விழுகிற ஒரு ராத்திரி ஓட்டை, இவைதான் காசைத் தின்பவை. இதற்குப் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது விலையில். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. வீட்டைப் பார்க்கிறவருக்கு வரும் சந்தேகங்களை முன்கூட்டியே தீர்ப்பதும், காலண்டர் செட்டிங்கைச் சரி செய்வதும் பைசா செலவில்லாத வேலைகள். பலன் அவற்றில்தான் அதிகம்.

ஏர்பிஎன்பி போன்ற வாடகைத் தளத்தில் கணக்கு திறப்பது, பான் எண் கொடுப்பது, வங்கிக் கணக்கை இணைப்பது எல்லாம் ஆப்பே சொல்லித் தரும். அதைத் தாண்டிப் போகிறேன். கட்டட அனுமதியும் நகராட்சி உரிமமும் கையில் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். கொடைக்கானல், அனுமதியில்லாத கட்டட விவகாரம் நீதிமன்றம் வரை போய், கட்டடங்களைப் பூட்டி சீல் வைத்த ஊர்.

படி 1: கேட்கும் முன்பே பதில் சொல்லுங்கள்

மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ இரண்டு காரில் வரும் குடும்பம் போனில் கேட்பது எப்போதும் இந்த ஐந்துதான்: கார் வாசல் வரை வருமா, வெந்நீர் எல்லாருக்கும் வருமா, சமைக்கலாமா, கரண்ட் போனால் என்ன, பெரியவர்கள் படி ஏற வேண்டுமா. பதில் லிஸ்டிங்கில் (தளத்தில் உங்கள் வீட்டுக்கான பக்கத்தில்) இல்லையென்றால் நூறில் பத்துப் பேர் போன் செய்வார்கள். மீதிப்பேர் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

"நல்ல சாலை வசதி" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். மெயின் ரோட்டிலிருந்து கேட் வரை எத்தனை மீட்டர், அதில் எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மண், ஐந்து பேர் ஏறிய டிசையர் அடி தட்டாமல் ஏறுமா என்று எழுதுங்கள். கடைசி 200 மீட்டரை ஒரு படமாகப் போடுங்கள். ஜீப் மட்டும்தான் ஏறும் என்றால் அதையும் சொல்லி, ஜீப் வாடகையையும் போட்டுவிடுங்கள். மறைத்தால் ரிவ்யூவில் வெளியே வரும்.

வெந்நீரை மட்டும் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். சமவெளியில் போதுமான 15 லிட்டர் கீஸர் கொடைக்கானலில் போதாது. ஜனவரியில் தொட்டித் தண்ணீர் 13 டிகிரி அளவில் இருக்கும். 2 கிலோவாட் கீஸர் அதை 45 டிகிரிக்குக் கொண்டுபோக 17 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அதே வேலைக்கு 28 நிமிடம், ஏனென்றால் சூடாகும் வேகம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். எட்டுப் பேருக்கு இரண்டு பாத்ரூம் என்றால் கடைசி ஆள் குளிக்கக் காலை பதினொன்று ஆகிவிடும். பாத்ரூமுக்கு ஒரு 25 லிட்டர் கீஸர் போட்டுவிட்டு, லிஸ்டிங்கில் அந்த எண்ணையே எழுதுங்கள்: "25 லிட்டர் கீஸர் 2, ஒருவர் குளித்த பின் 15 நிமிட இடைவெளி." கெஞ்சலாகத் தெரியாது, விவரம் தெரிந்த ஆள் என்று தெரியும்.

இன்வெர்ட்டரில் லைட்டும் வைஃபையும் ஓடும், கீஸரும் கெட்டிலும் ஓடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். எந்த சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிறது என்பதையும் சேருங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருப்பதால், 20 லிட்டர் கேனும் கண்ணாடி பாட்டிலும் வீட்டிலேயே இருக்கும் என்று ஒரு வரி போதும்.

படி 2: படங்கள்

போன் கேமரா போதும். 0.5 லென்ஸ் (வைட் ஆங்கிள்) வேண்டாம். அதில் சின்ன அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும், நேரில் வந்தவர் ஏமாந்து போய் ஸ்டாரைக் குறைப்பார். போனை நெஞ்சு உயரத்தில் படுக்கவாட்டில் பிடியுங்கள். ஜன்னல் திரையை விலக்கி, எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னலின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) பூட்டி எடுங்கள். வெளிக்காட்சிக்கு ஜனவரி, பிப்ரவரியில் காலை ஏழரைக்கு மேல் நல்ல நேரம். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும்.

ஏர்பிஎன்பியில் கணினியில் திறந்தால் முதல் ஐந்து படங்கள்தான் ஒன்றாகத் தெரியும். மொபைலில் தேடும்போது முதல் படத்தைக் கிட்டத்தட்டச் சதுரமாக வெட்டிவிடும். அதனால் வீடோ பள்ளத்தாக்கோ படத்தின் நடுவில் இருக்கட்டும். ஐந்தில் ஒன்று பாத்ரூம், ஒன்று பார்க்கிங். பூ, காபி கப், விளக்கு வெளிச்சத்தில் புத்தகம் போன்றவை இருபதாவது படத்துக்கு மேல் போகட்டும். பனிமூட்டம் சூழ்ந்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும், அதைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். ஆனால் முதல் படம் அதுவாக இருந்தால் வீடு எங்கே என்றே தெரியாது.

தலைப்புக்கு ஏர்பிஎன்பியில் 50 எழுத்துதான் இடம். "சொர்க்கத்தின் வாசல்" போன்றவற்றை விட்டுவிட்டு, எத்தனை பேர் தங்கலாம், ஏரியிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை கார் நிற்கும் என்பதைப் போடுங்கள்.

படி 3: குறைந்தபட்ச இரவுகள் (இதை நிதானமாகப் படியுங்கள்)

சனிக்கிழமை ஒரே ராத்திரிக்குக் கொடுத்தால் வெள்ளி வீணாகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் சனிக்கிழமைக்கு "குறைந்தது 2 இரவு" என்று போட்டு வைக்கிறார்கள். அதன் பிறகு சனிக்கிழமையே காலியாகிறது. காரணம், ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் அந்த விதியைப் புக்கிங்கில் இருக்கும் எந்த நாளுக்கும் பார்ப்பதில்லை, செக்-இன் செய்யும் நாளுக்கு மட்டும் பார்க்கின்றன. சனிக்கு 2 என்று வைத்தால், சனி மதியம் வருகிறவர் திங்கள் காலை வரை தங்கியாக வேண்டும். திங்கள் ஆபீஸ் இருக்கிறவர் எப்படித் தங்குவார்? வெள்ளிக்கு 1 என்று விட்டிருப்பதால், வெள்ளி மட்டும் தங்கிப் போகிறவர் தாராளமாக உள்ளே வந்துவிடுவார்.

சரியான அமைப்பு இது. வெள்ளி செக்-இன்னுக்கு 2 இரவு. வியாழனில் வருகிறவர் இரண்டு இரவு தங்கிச் சனி காலை கிளம்பினாலும் அதே ஓட்டைதான் விழும். ஆகவே வியாழனையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாளாகத் திருத்திக்கொண்டிருப்பதை விட, சனிக்கிழமை செக்-அவுட்டையே தடை செய்வது சுலபம். ஏர்பிஎன்பியில் இதற்குத் தனி செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டதும் வெள்ளி ஒரு ராத்திரி, வியாழன்-வெள்ளி இரண்டும் அடைபட்டுவிடும். வெள்ளி ராத்திரியை யார் எடுத்தாலும் சனி ராத்திரியைச் சேர்த்துத்தான் எடுக்க முடியும்.

சனி செக்-இன்னுக்கு ஒரு வாரத்துக்கு மேல் நாள் இருக்கும்வரை 2 வைத்திருங்கள். ஐந்து நாள்தான் பாக்கி, வெள்ளியும் சனியும் இன்னும் காலி என்றால் அந்தத் தேதியை மட்டும் 1 ஆக்குங்கள். திங்கள் காலையில் இதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும், ஐந்து நிமிட வேலை. ஞாயிறு முதல் புதன் வரை எப்போதும் 1 இரவே இருக்கட்டும். அந்த நாட்களில் கூட்டமே இல்லை, நிபந்தனை போட்டு யாரைத் தடுக்கப் போகிறோம்?

படி 4: விலையைக் குறைக்காமல் நாளைக் கூட்டுவது

மூன்று படுக்கையறை வீட்டுக்கு ஓர் உதாரணக் கணக்கு. ஒரு குழு வந்து போனால் விரிப்பு, ரஜாய் வெளுக்க 700, சுத்தம் செய்ய 600, ஆக 1,300 ரூபாய். கரண்ட், கேஸ், டீத்தூள், சோப்பு ராத்திரிக்கு 400. ஒரு ராத்திரி மட்டும் தங்கினால் செலவு 1,700. நான்கு ராத்திரி தங்கினால் 1,300 கூட 1,600, மொத்தம் 2,900. ராத்திரிக்கு 725தான். அதாவது ராத்திரிக்கு 975 ரூபாய் மிச்சம். வார நாள் வாடகை 4,000 என்றால், நான்கு இரவுக்கு 15 சதவீதத் தள்ளுபடி கொடுத்தாலும் குறைவது 600 மட்டுமே. பொதுவான விலையை 3,000க்கு இறக்குவதை விட இது எவ்வளவோ மேல். பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்து வார நாளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தத் தள்ளுபடிதான் கண்ணில் படும். வைஃபை வேகச் சோதனையின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைப் படங்களில் சேர்த்தால் அவர்கள் கேள்வி கேட்காமல் புக் செய்வார்கள்.

அடிமட்ட விலையும் ஒன்று வேண்டும். தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,700ஐ 0.85 ஆல் வகுக்க 2,000 வரும். அதற்குக் கீழே ஒரு ராத்திரி கொடுப்பது வீட்டைத் தேய்ப்பதற்குச் சமம். உங்களிடம் பிடிக்கும் கமிஷன் எவ்வளவு என்பது பணம் வந்த பக்கத்தில் இருக்கும், அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

தனியாகத் துப்புரவுக் கட்டணம் போடாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் ஏர்பிஎன்பி தேடலிலேயே கட்டணம் சேர்ந்த மொத்த விலையைத்தான் காட்டுகிறது. ஒரு ராத்திரிக்கு 1,000 துப்புரவு சேர்ந்தால் பக்கத்து வீட்டை விடக் கண்ணுக்கு விலை கூடித் தெரியும். வாடகைக்குள் அடக்கிவிடுங்கள். புது லிஸ்டிங் என்றால் முதல் மூன்று புக்கிங்குக்கு 20 சதவீதத் தள்ளுபடியைத் தளமே முன்வைக்கும். மே மாதம் தவிர மற்ற நேரத்தில் லிஸ்டிங் போட்டால் அதை எடுத்துக்கொள்ளலாம். முதல் மூன்று ரிவ்யூ அந்தத் தொகையை விடப் பெரிது.

சீசன் என்றால் நம் ஊர் விடுமுறையை மட்டும் பார்க்காதீர்கள். ஓணம், கர்நாடகத்துத் தசரா விடுமுறை, டிசம்பர் கடைசி வாரம் ஆகியவற்றையும் காலண்டரில் குறித்து அந்தத் தேதிகளுக்குத் தனி விலை போடுங்கள். குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அந்த வருட ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆஃப் சீசன் விலைக்கு யாருக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 5: இரட்டை புக்கிங்

இரண்டு தளங்களில் வீடு இருந்தால் ஐகேல் லிங்க் (ஒரு தளத்தின் காலண்டரை இன்னொன்று படிக்க உதவும் முகவரி) மூலம் காலண்டரை இணைப்பீர்கள். அங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஒரு பக்கம் மட்டும் இணைப்பது. முதல் தளத்தின் லிங்க் இரண்டாவதில் போக வேண்டும், இரண்டாவதன் லிங்க் முதலாவதில் வர வேண்டும். இணைத்த பிறகும் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: தேதி அடைபட்ட தகவல் மட்டும்தான் கடந்து போகும், விலை போகாது. அதுவும் உடனே போகாது, சில மணி நேரம் ஆகலாம். தீபாவளியை ஒட்டிய வீக்கெண்டில் அந்தச் சில மணி நேரத்துக்குள் இரண்டு தளத்திலும் ஆள் விழுந்துவிடும். ஒருவரை நீங்கள் ரத்து செய்தால் ஏர்பிஎன்பியில் நேரத்தைப் பொறுத்து வாடகையில் 10 முதல் 50 சதவீதம் வரை அபராதம், சூப்பர்ஹோஸ்ட் (நன்றாக நடத்தும் வீட்டுக்காரருக்கு ஏர்பிஎன்பி தரும் பட்டம்) தகுதிக்கும் அடி.

ஆகவே லாங் வீக்கெண்ட் தேதிகளை ஒரே தளத்தில் மட்டும் திறந்து வையுங்கள். ஒற்றை வீட்டுக்கு மாதக் கட்டணம் கட்டி சேனல் மேனேஜர் (பல தளங்களின் காலண்டரை ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) வாங்குவது தண்டச் செலவு. மூன்று வீட்டுக்கு மேல் போனால் யோசிக்கலாம். வாட்ஸ்அப்பில் பேசி வரும் புக்கிங்குக்கு அட்வான்ஸ் ஜிபேயில் விழும் முன்பே தேதியை அடைத்துவிட்டு, பணம் வராவிட்டால் திறந்துகொள்ளுங்கள். கேர்டேக்கர் வழியாக நேரில் வருகிறவருக்குச் சாவி கொடுப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு போன் வந்தே ஆக வேண்டும்.

படி 6: புக்கிங் வந்த பிறகு அனுப்பும் மெசேஜ்

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டி வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுக்கும்போது தங்கும் இடத்தைக் கேட்கும். ஆகவே புக்கிங் உறுதியான அதே நிமிடம் வீட்டின் முழு முகவரி, இ-பாஸ் லிங்க், "இன்றே எடுத்துவிடுங்கள்" என்ற வரி மூன்றையும் அனுப்புங்கள். மெசேஜைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தயாராகச் சேமித்து வைத்தால் நல்லது. பாஸ் இல்லாமல் செக்போஸ்டில் நின்றவரின் கோபம் உங்கள் ரிவ்யூவில்தான் இறங்கும்.

ரிவ்யூவுக்கு ஏர்பிஎன்பி தரும் அவகாசம் 14 நாள். அவர்கள் மலை இறங்கி வீடு சேர்ந்த மறுநாள் கேளுங்கள், கேட்டைத் தாண்டும் முன்பே கேட்காதீர்கள். சூப்பர்ஹோஸ்டுக்கு 4.8 வேண்டும் என்பதால் நான்கு ஸ்டாரே உங்களைக் கீழே இழுக்கும். கிளம்பும் முன் மாலை "ஏதாவது குறை இருக்கிறதா" என்று ஒரு வரி கேட்டால், பாதிக் குறை அங்கேயே தீரும்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று விஷயங்கள்.

ஜிஎஸ்டியும் வெளிநாட்டவர் பதிவும்: ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய வரம்புக்குள் வராதவருக்கு, தளம் வழியாக வரும் தங்கும் புக்கிங்கின் வரியை ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி தளமே கட்டும். நேரடி புக்கிங்குக்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்தாக வேண்டும்.

கூகுள் பிசினஸ் பக்கம்: ஆள் இல்லாமல் வாடகைக்கு விடும் விடுமுறை வீட்டுக்கு அது கிடையாது என்று கூகுளின் விதியிலேயே இருக்கிறது. எப்படியோ திறந்து, ரிவ்யூ சேர்த்து, பிறகு பக்கம் முடங்கினால் சேர்த்தது எல்லாம் போய்விடும்.

மேப்: லிஸ்டிங்கில் மேப் பின்னை (இடத்தைக் காட்டும் குறியை) கூரை மேல் வைக்காதீர்கள், கேட்டின் மேல் வையுங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் கூரைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் மேலே போகும் எஸ்டேட் பாதை. கூகுள் காரை அங்கே கூட்டிப்போய் நிறுத்திவிடும். கேட்டில் நின்று பிளஸ் கோடு (கூகுள் மேப் அந்த இடத்துக்குத் தரும் குறியீடு) எடுத்து, "வளைவில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி இடது பக்கம்" என்பது போல இரண்டு அடையாளம் சேர்த்து, ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜோடு வத்தலக்குண்டு தாண்டும் முன் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். மலையில் நடுவில் சிக்னல் கிடைக்காது.