நாய்க்குட்டிக் குளியலும் தெள்ளுப்பூச்சியும்

எங்கள் வீட்டு நாட்டுக்குட்டி நாள் முழுக்கக் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டியும் மூன்றாம் நாளே தெள்ளுப்பூச்சி திரும்பிவிடும். கோளாறு குளியலில் இல்லை, அது படுத்த சாக்கில் இருந்தது என்று புரிய ஒரு மாதம் ஆனது.

முதலில் அது தெள்ளுதானா என்று பாருங்கள். உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருக்கும். தெள்ளு முடிக்குள் ஓடும், தொடப்போனால் குதிக்கும். கண்ணில் படாவிட்டால், வாலின் அடிப்பக்கத்தைப் பேன்சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது குட்டியின் செரித்த ரத்தம். (செம்மண்ணில் புரண்ட குட்டி என்றால் கொஞ்சம் ஏமாற்றும்.)

இனி குளியல். எட்டு வாரம் நிறையாத குட்டி என்றால் குளியலே வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, பேன்சீப்பால் வாரினால் போதும்.

1. வெயில் ஏறிய பிறகு, காற்று அடிக்காத இடத்தில் தொடங்குங்கள். துண்டு, ஷாம்பு, மக் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதியில் எழுந்து போனால் குட்டி ஈரத்தோடு கட்டிலுக்கடியில் போய்விடும்.

2. தண்ணீர் முழங்கையில் பட்டால் இளஞ்சூடாகத் தெரியவேண்டும். வழுக்காமல் இருக்கப் பழைய கோணியை மடித்துப்போட்டு, அதன்மேல் நிறுத்துங்கள்.

3. முதல் நுரை கழுத்தில்தான். காதுக்குப் பின்னால் தொடங்கிக் கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோலத் தடவுங்கள். உடம்பை முதலில் நனைத்தால் தெள்ளெல்லாம் தலைக்கு ஓடிக் காதிலும் கண்ணோரத்திலும் ஒளிந்துகொள்ளும். அப்புறம் முதுகு, வயிறு, தொடை இடுக்கு. ஐந்து நிமிடம் நுரையோடே வைத்துச் சீப்பால் வாருங்கள். சீப்பில் சிக்குவதைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் செத்துவிடும். முகத்துக்குத் துணி மட்டும்.

4. நுரை துளியும் மிஞ்சாமல் அலசி, உடனே துவட்டுங்கள். சின்னக் குட்டிக்குச் சீக்கிரம் குளிரெடுக்கும்.

நாய் ஷாம்புவே வாங்குங்கள். தெள்ளு மருந்து கலந்ததென்றால் எத்தனை வாரக் குட்டிக்கு என்று பாட்டிலில் பாருங்கள். பக்கத்து வீட்டில் சொல்லும் மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் எதுவும் வேண்டவே வேண்டாம். குட்டி நக்கித்தான் தீரும், அதெல்லாம் விஷம். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம்: நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

சரி, குளியல் முடிந்தது. பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் நாற்பது முட்டைகூட இடும். அவை முடியில் ஒட்டாமல் படுக்கையிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்து புழுவாகி, கூட்டுக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட, காத்திருக்கும். ஆகவே குளிப்பாட்டும் அன்றே படுக்கைத்துணியைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். சோபா இடுக்கு, பாய் அடி, வாசற்படி மூலை எல்லாவற்றையும் கூட்டி, குப்பையை உடனே வெளியே கொட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் இதை விடாமல் செய்யவேண்டும். வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் அவற்றுக்கும் சேர்த்தே வைத்தியம்.

ஈறு வெளுத்திருந்தாலோ குட்டி சோர்ந்து படுத்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நிறையத் தெள்ளு சேர்ந்தால் சின்னக் குட்டிக்கு ரத்தசோகை வந்துவிடும். மலத்தில் அரிசிபோல ஏதாவது நெளிந்தால் நாடாப்புழு. தெள்ளை விழுங்கினால் வருவது. அதையும் சொல்லி, எடைக்கேற்ற மருந்து கேளுங்கள்.

எங்கள் சாக்கைக் கடைசியில் எரித்துவிட்டேன். இப்போது அம்மாவின் பழைய நூல்புடவைதான் படுக்கை, ஞாயிறுதோறும் துவைக்க வசதி.