வீட்டில் பணம் வாங்காமல் பொறியியல் படிக்க: சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை

வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வராது என்ற நிலையில் தமிழ்நாட்டில் பொறியியல் படித்து முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முறையை விளக்கப் போவதில்லை. அதைப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள்.

முதல் வேலை சான்றிதழ்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்துக்குச் சென்று சாதி, வருமானம், முதல் பட்டதாரி (குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர்) ஆகிய மூன்று சான்றுகளுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். முதல் பட்டதாரி சான்றுக்கு உடன்பிறந்தோர் மட்டுமின்றி, தாய்வழி, தந்தைவழித் தாத்தா பாட்டியரின் படிப்பு விவரமும் வேண்டும். அப்பாவிடம் பணம் கேட்க வேண்டியதில்லை; ஆனால் கையெழுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, இடத்தைக் கலந்தாய்வு வழியாகவே எடுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படி ஓர் இடம் கிடைத்தால், பாடப்பிரிவு சற்றுப் பிடிக்காவிட்டாலும் விடாதீர்கள் என்பேன். நான் சேர்ந்தபோது அந்த ஒதுக்கீடு இல்லை. முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தோடு நின்றுவிட, விடுதிக் கட்டணத்துக்காக ஞாயிறுதோறும் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறினேன்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. இந்தப் படியில்தான் ஓராண்டு உதவித்தொகையை எதிர்பார்த்து ஏமாந்தேன். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்ததால் எல்லாம் இணைந்துவிட்டது என நம்பியிருந்தேன். ஆனால் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வருவதற்காக அதை என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் இணைப்பது வேறு. அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்கும்; கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்குதான் பணம் போகும். மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்து, தவறான வங்கி இருந்தால் உங்கள் கிளையில் இதற்கென்றே உள்ள ஒப்புதல் படிவத்தைக் கொடுங்கள். கிளையில் இழுத்தடித்தால் அஞ்சலக வங்கிக் கணக்கே எளிது. தபால்காரரே வந்து தொடங்கித் தருவார்.

இது சரியானால், அரசுப் பள்ளி மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் வழங்கப்படும் மாதம் 1000 ரூபாயும் தடையின்றி வரும். வேறு உதவித்தொகை பெறுவோரும் இதைப் பெறலாம்.

கல்விக் கடனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் தேவையில்லை என்றாலும், பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும். ஆகவே மொத்தச் செலவுக்கும் வாங்காமல், சலுகைகள் போக எஞ்சும் தொகைக்கு மட்டும் கேளுங்கள்.

பின்சேர்க்கை: அண்ணனோ அக்காவோ முன்பே முதல் பட்டதாரி சலுகை பெற்றிருந்தால் தம்பி தங்கைக்கு அது கிடைக்காது. இதைப் பலர் கேட்டுவிட்டார்கள்.