மைதானத்தைக் காட்டி மேற்படிப்பைப் பேசலாம்: மலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "என்னவா ஆகப் போற?" என்று கேட்டால் டாக்டர், போலீஸ், டீச்சர், கலெக்டர் என்று வரிசையாக வரும். யாராவது ஒரு பையன் கிரிக்கெட் பிளேயர் என்பான், வகுப்பே சிரிக்கும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய் "இங்கே யாரெல்லாம் வேலை பார்க்கிறாங்க?" என்று கேளுங்கள். 2022இல் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் வந்தபிறகு வழிகாட்டி வகுப்பு பள்ளிக்குள் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ஸ்லைடில் பார்க்கும் வேலைக்கும், கையில் சுண்ணாம்புத் தூளோடு குனிந்து கோடு போடும் மனிதருக்கும் நிறைய தூரம்.

முதலில் இடமும் நாளும்

ஊட்டிப் பக்கம் என்றால் எச்.ஏ.டி.பி. மைதானம், கோத்தகிரி என்றால் காந்தி மைதானம். எதுவும் தோதுப்படவில்லையா, பக்கத்து மேல்நிலைப் பள்ளி மைதானமே போதும். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு ஒரு கடிதம், பெற்றோரிடம் சம்மதக் கடிதம். உங்கள் பி.டி. சாரை முதல் நாளே கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியாத ஆள் மைதானத்தில் இருக்கமாட்டார்.

நாள் விஷயத்தில் எல்லாரும் போட்டி நடக்கும் நாளைத்தான் சொல்வார்கள். வேண்டாம். அன்றைக்கு யாருக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது, பிள்ளைகளும் கேலரியில் உட்கார்ந்து கத்திவிட்டு வருவார்கள். போட்டிக்கு முந்தின நாள் போங்கள். கோடு போடுவது, மைக் செட் கட்டுவது, ஆட்ட அட்டவணை தயாரிப்பது எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

வகுப்பில் ஒரு பட்டியல்

கிளம்புவதற்கு முன் "ஒரு மேட்ச் நடக்க யார் யார் வேணும்?" என்று கேட்டுப் பலகையில் எழுதுங்கள். வீரர், கோச், அம்பயர் என்று சீக்கிரமே நின்றுவிடும். திருத்தாதீர்கள், அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேராகக் குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே வேலை: வீரர் அல்லாத ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேட்பது. இந்த வேலையை எங்கே கத்துக்கிட்டீங்க? நீங்க ஒரு நாள் வரலைன்னா இங்கே என்ன ஆகும்? புதுசா சேர்றவங்களுக்கு என்ன சம்பளம் கிடைக்கும்? "உங்க சம்பளம் எவ்வளவு" என்று கேட்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மைதானத்தில்

புல்லில் ஆரம்பியுங்கள். டிசம்பர், ஜனவரி காலை என்றால் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், பராமரிக்கிறவர் யாரையும் உள்ளே விடமாட்டார். ஏன் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். உறைந்த புல்லை மிதித்தால் அதன் உள்திசு உடைந்து, வெயில் ஏறினதும் காலடித் தடம் பழுப்பாகத் தெரியும். இது தாவரவியல். பத்தாம் வகுப்புக்குப் பிறகு தோட்டக்கலைப் பக்கம் போகிறவருக்கு வேலை இருக்கும் இடம் என்று இங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்து ஓடுதளம், கூட நேரம் கொடுக்கவேண்டியது இங்கேதான். முழு அளவுத் தளம் என்றால் முதல் பாதை 400 மீட்டர், ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். ஒரு முழுச் சுற்று ஓடும்போது இரண்டாம் பாதைக்காரர் எவ்வளவு முன்னால் நிற்கவேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 2πr தெரிந்த பிள்ளை 1.22ஐப் போட்டு 7.67 மீட்டர் என்று விடை சொல்லும். டேப் பிடித்து அளந்தால் 7.04தான் வரும். எங்கே போனது மீதி? முதல் பாதையை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்ற பாதைகளை உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. அதனால் ஆரத்தில் வித்தியாசம் 1.22 + 0.20 - 0.30 = 1.12 மீட்டர்தான், 2π-யால் பெருக்கினால் 7.04. மூன்றாம் பாதையிலிருந்து 7.67 சரியாகக் கூடிக்கொண்டே போகும். இந்த இடத்தில் முகம் மலர்கிற பிள்ளையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக் சிவில், சர்வே பற்றி அந்தப் பிள்ளையிடம்தான் பேசவேண்டும்.

மூன்றாவது முதலுதவி இடம். எல்லாரையும் ஒரு சுற்று ஓடவிட்டு 15 விநாடி நாடி எண்ணி நாலால் பெருக்கச் சொல்லுங்கள். பிறகு இந்தக் கதை: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம். காற்று மெலிவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தைப் போல முக்கால் பங்குதான். நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்ட அந்த மெலிந்த காற்றும் கைகொடுத்தது. நெடுந்தூர ஓட்டத்தில் சமவெளிக்காரர்கள் திணறினார்கள். 1,500 மீட்டரில் கென்யாவின் கிப் கெய்னோ, மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே என்று மேட்டுநில ஊர்க்காரர்கள் ஜெயித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பிடிக்கும். இதையே படிப்பாகப் படிப்பவர்கள் விளையாட்டு அறிவியல்காரர்கள், பிசியோதெரபிஸ்ட்கள். பிசியோதெரபிக்கு பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும் என்பதை அங்கேயே அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்த பிறகு தெரியவரும்.

கடைசியாக அலுவலக அறை. பதிவு, கணக்கு, அட்டவணை. பத்து நிமிடம் போதும்.

யாரையும் மைக் பிடித்துப் பேசவிடாதீர்கள். "சிறப்புரை" ஆரம்பித்துவிட்டால் அன்றைய நாள் போச்சு.

திரும்பி வந்தபிறகு

அந்தப் பழைய தாளை எடுத்து ஒட்டி, பக்கத்திலேயே புதுப் பட்டியல் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவும் தான் பார்த்த ஒரு வேலைக்கு ஒரு பக்கம்: என்ன படிப்பு, எங்கே, பிளஸ் ஒன்னில் எந்த குரூப். உடற்கல்வி ஆசிரியர் ஆக டிகிரிக்குப் பிறகு பி.பி.எட்., அதற்குச் சென்னை அருகே மேலக்கோட்டையூரில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கோச் ஆக பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. மைதான விளக்குக்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன், இரண்டு வருடம். மைதான வேலைகள் பல இடங்களில் ஒப்பந்த வேலைதான் என்பதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். கட்டணமும் விண்ணப்பத் தேதியும் வருஷா வருஷம் மாறும், அதனால் கல்லூரிக்கே போன் போட்டுக் கேட்டு பென்சிலில் எழுதட்டும்.

மழை பிடித்துக்கொண்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, எங்கே தேங்குகிறது என்று கேலரியில் நின்று வரைபடம் போடச் சொல்லுங்கள், வடிகால் வேலையும் ஒரு வேலைதானே.