இழந்த லாபத்தைக் கணக்கிடுவது: நிதித்துறையிலிருந்து வணிக வழக்குகளுக்கு வரும் வழக்கறிஞருக்கு

நிதித்துறையில் இருந்துவிட்டு வழக்காட வருபவரின் கை முதலில் எக்செல்லுக்குத்தான் போகும். அதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். லாப இழப்பைக் கேட்கவே கூடாது என்றோ, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இவ்வளவு என்றோ, இத்தனை நாளுக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்றோ ஒரு ஷரத்து இருந்தால், மாதக்கணக்கில் போட்ட கணக்கும் வீண்.

அடுத்தது, ஒப்பந்தம் போட்டபோதே இந்த இழப்பை எதிர்பார்த்திருக்க முடியுமா என்பது. இங்கிலாந்தின் 1854ஆம் ஆண்டு ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் தீர்ப்புதான் பொதுச் சட்ட (காமன் லா) மரபில் இதற்கு அடிப்படை. புதுத் தண்டு செய்ய மாதிரியாக அனுப்பிய, மாவு ஆலையின் உடைந்த சுழல்தண்டை ஏற்றிப்போன சரக்கு நிறுவனத்தார் தாமதித்தார்கள், ஆலை கூடுதல் நாட்கள் நின்றது. புதுத் தண்டு வராவிட்டால் ஆலை ஓடாது என்ற தனிச்சூழல் அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று கொண்டு, லாப இழப்பைச் சேர்க்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆகவே இப்படி ஒரு தனிச்சூழலை எதிர்த்தரப்புக்குச் சொன்ன வரி எங்காவது உண்டா என்று கையெழுத்துக்கு முந்தைய மின்னஞ்சல்களைச் சலித்துப் பாருங்கள்.

இனி எண்கள். விற்பனை 100, விற்பனையோடு ஏறி இறங்கும் மாறும் செலவு 62, நிலைச் செலவு 20, நிகர லாபம் 18 என்று வைப்போம். 100 விற்பனை கைநழுவினால் இழப்பு 100 அல்ல, 18ம் அல்ல; மாறும் செலவை மட்டும் கழித்து வரும் 38. வாடகையும் சம்பளமும் விற்பனை இல்லாவிட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். கட்சிக்காரர் 100 கேட்பார், எதிர்த்தரப்பு 18க்கு மேல் ஏறாது. நிலைச் செலவு என்று எழுதியதில் உண்மையிலேயே மிச்சமானது ஏதாவது உண்டா என்று பேரேட்டில் வரிவரியாகப் பாருங்கள். குறைந்த ஓவர்டைம், நிறுத்திய ஷிஃப்ட் இரண்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இழப்பைக் குறைக்க வேறு வாடிக்கையாளரைப் பிடித்திருந்தால், அந்த வருமானத்தையும் கழிக்க வேண்டும்.

வருங்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று ஆண்டு இறுதிகளில் தலா 100 என்றால், 10 சதவீதக் கழிவு வீதத்தில் அது 300 அல்ல, ஏறத்தாழ 248.7. நிதித்துறைக்காரர் வழுக்குவதும் இங்கேதான்: ஆபத்தை நினைத்து விற்பனைக் கணிப்பைக் குறைத்துவிட்டு, அதே ஆபத்துக்காகக் கழிவு வீதத்தையும் ஏற்றுவார்; வீதம் ஏறினால் இன்றைய மதிப்பு இன்னும் இறங்கும். தன் கட்சிக்காரரையே இருமுறை வெட்டுகிறார்.

கணக்கு உங்களுக்கு எவ்வளவு அத்துப்படியானாலும் கூண்டில் ஏறப்போவது நீங்கள் அல்ல, நிபுணர் சாட்சி. அவருக்கு ஆவணங்களைக் கொடுங்கள், விடையைக் கொடுக்காதீர்கள். உங்கள் மாதிரிக் கணக்கை அவர் அப்படியே கையெழுத்திட்டுத் தந்தால் குறுக்கு விசாரணையில் அரைமணி நேரம்கூட நிற்காது. வரைவுகளும் கடிதங்களும் எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். விதி ஊருக்கு ஊர் மாறும், முதல் கடிதத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

விசாரணைக்கு முன் ஒரு சோதனை: அறிக்கையின் ஏதாவது ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டி, அது எந்த இன்வாய்ஸிலிருந்து வந்தது, அதை யார் நிரூபிப்பார் என்று நிபுணரைக் கேளுங்கள். பதில் வராத எண்ணைக் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.