மருத்துவ மின்வளத்துக்குச் சந்தா கட்டும் முன்

உடல்நல அறிவியல் மின்வளம் (இணையத்தில் படிக்கும் தரவுத்தளம், மின்னூல் போன்றவை) ஒன்றைப் பல்கலைக்கழக நூலகம் சோதனைக் காலத்தில் மதிப்பிடும்போது, அண்மையில் சிகிச்சை வழிகாட்டுதல் மாறிய ஒரு மருந்தைத் தேடி, அந்தப் பக்கம் எந்தத் தேதியில், யாரால் திருத்தப்பட்டது என்று பார்ப்பதே முதல் வேலை. பழைய மருந்தளவு கடைசியில் நோயாளியின் உடலில்தான் போய்ச் சேரும். உடற்கூற்றியல் முப்பரிமாணப் படங்களைக் கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். சந்தாவைப் புதுப்பிக்கும்போது, 'கவுன்டர்' (COUNTER, மின்வளப் பயன்பாட்டைக் கணக்கிடும் பொதுத் தரமுறை) பயன்பாட்டு அறிக்கையில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதோடு நின்றுவிடாமல், ஒரே நேரத்தில் பயன்படுத்துவோர் வரம்பு நிரம்பியதால் எத்தனை முறை அனுமதி மறுக்கப்பட்டது என்ற எண்ணிக்கையையும் (பலர் இதைக் கேட்பதேயில்லை) கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அந்த எண் ஏறியிருந்தால், பயன்பாடு குறைவு என்று வளத்தை நிறுத்தாமல், கூடுதல் அனுமதிகளுக்கு விலை கேட்பதே சரி.