ஒப்பந்தத் தூய்மைப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

நகராட்சியில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? தினமும் வேலை தொடங்குமுன் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள், ஏனென்றால் பதிவேட்டில் இல்லாத நாளில் அடிபட்டால் அன்றைக்கு வேலையில்தான் இருந்தோம் என்று நிரூபிப்பது பெரும்பாடு. சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தால் இரண்டுக்கும் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பைப் பையை அடியில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். வாய்ப்பக்கம் பிடித்து, காலில் உரசாமல் தள்ளித் தூக்குங்கள். உடைந்த பாட்டிலும் ஊசியும் அடியில்தான் கிடக்கும். கையுறை கிழிந்தால் வேறு கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். ஊசி குத்திவிட்டதா? சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அப்போதே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் இன்னும் நல்லது.

சாக்கடைக் குழிக்குள் "சும்மா ரெண்டு நிமிஷம் இறங்கு" என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் பின்னாலேயே குதிக்கத்தான் மனசு சொல்லும், ஆனால் அதே விஷவாயு உங்களையும் சாய்த்துவிடும். தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டுக்காரர்களிடம் காசு கேட்பது, குடித்துவிட்டு வருவது இரண்டும் வேலைக்கே உலை வைக்கும். மேலதிகாரி பாலியல் ரீதியாகத் தகாத முறையில் நடந்தால், தற்காலிகப் பெண் பணியாளரும் இதை விசாரிக்கவே அலுவலகத்தில் இருக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம், மூன்று மாதத்துக்குள்.